நாலாவது பாட்டும் அப்பாவின் கோபமும்

சிவகாசி
12.9.1967

அன்பு மகன் நேசகுமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் கோபமும் சுகமாகவே இருக்கிறது. ஆப்செட் மிஷின் பழக ஜப்பானுக்குப் போன பிள்ளை, கம்பெனிப் பையன்களோடு சேர்ந்து பாட்டுக் குழுவில் பாடுகிறேன், இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டு எழுதினால் கோபம் வராமல் என்ன செய்யும். மூன்று வாரமாக உன் பேரை எடுக்கவில்லை. நீங்கள் பாடி அனுப்பிய இசைத்தட்டு வந்ததும் தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டு ரேடியோகிராமில் போட்டோம். வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நீங்கள் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிப் பாடினீர்கள். இதைப் படிக்கவா இவனை அம்புட்டு தூரம் அனுப்புனோம் என்று அப்பா எழுந்துவிட்டார்கள். அண்ணாச்சி மகள் வந்து வேகத் திருகைத் திருப்பிய பிறகுதான் மனுஷக் குரல் வந்தது.

ஒன்று மாடு மேய்க்கும் அமெரிக்கக்காரன் பாட்டு, ஒன்று இடுப்பை ஆட்டுகிற மாம்போ, ஒன்றில் எலக்ட்ரிக் கிதார் காதைக் கிழிக்கிறது. நாலாவதுதான் ஜப்பான்காரர்களின் அழுகைப் பாட்டு, அதிலும் பின்னால் கிதார். வெள்ளைக்காரன் ராகத்துக்குத் தங்கள் பாஷையைப் போட்டுப் பாடுதானுகளே, வெக்கமா இல்லையா என்று அப்பா கேட்டார்கள். ஞாயித்துக்கிழமை கோயில் பாடகர் குழுவுல ஜெர்மன்காரன் ராகத்துக்குத் தமிழ் போட்டு நீக பாடுறீகளே, அது என்னவாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி அப்பா ரசம்கூடக் கேட்கவில்லை.

தீபாவளி சீசன், பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, பட்டாசுக்கட்டு ஒட்டப் போய்விட்டார்கள். அங்கே குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், குழுவில் எல்லாரும் காதை மூட முடி வளர்க்கிறார்களாமே, அது போதும் என்று இருந்துவிடாதே.

நேற்று அப்பாவின் மேசையைத் துடைக்கப் போனேன். உங்கள் நாலாவது பாட்டை நாலு குரலுக்கும் பிரித்து, டோ ரே மி என்று சோல்ஃபா எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு எத்தனை நடை போனார்களோ தெரியாது. என்ன இது என்றால், ஒம் மகன் கீழ்க்குரல்ல ஒரு எடத்துல தப்பாப் பாடுதான், இதை அனுப்பு, அடுத்த வருசமாவது ஒழுங்காப் பாடட்டும் என்கிறார்கள்.

அடுத்த வருஷம் என்றதைக் கவனித்தாயா. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு நீயே தனியாக ஒரு வரி எழுது, மறக்காதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக, பத்திரமாகத் திரும்பவும் கொண்டுவந்து சேர்ப்பாராக. அப்பாவிடம் கேட்டாய், சம்மதித்துவிட்டார்கள். என்னிடம் நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்துவிட்டு வா.

உன் அம்மா
ஞானபூரணி சத்தியநாதன்