சுத்திப் போற வழி

துளசிமணிக்கு, நான் நல்லா இருக்கேன். நீயும் நித்யஸ்ரீயும் நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?

நேத்து முதலாளி காருக்கு சல்யூட் அடிக்கையில என் பேண்ட் நழுவிருச்சு. ஒரு கை நெத்தியில, ஒரு கை இடுப்புல. வாட்ச்மேன் லட்சணம் அப்படி. செத்துப்போன எங்கண்ணன் கன்னையனோட பச்சை பெல்ட்டை மாரக்காள் அண்ணிகிட்டக் கேட்டு அனுப்பு. அவரும் என்கூட இருந்த மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, பயப்படாதே. இன்னிக்கு மத்தியானம் நம்மூரு கிட்டுசாமி, முதலாளிக்குக் குடுக்க மகன் கல்யாணப் பத்திரிகையோட எங்க பனியன் கம்பெனி வாசல்ல வந்து நின்னாரு. காலமெல்லாம் அவர் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சினவர் அண்ணன். அண்ணன் பாடை அந்தத் தோப்பு வழியாப் போகக்கூடாதுன்னு கம்பி கட்டினாரே, அந்தக் கிட்டுசாமியேதான். வாய்க்கால்ல இறங்கிச் சுத்திப் போனப்ப நான் வழுக்கி, அண்ணன் காலெல்லாம் சேறாச்சே.

"கன்னையன் தம்பியா? கேட்டைத் திறப்பா."

"இந்த வழி இல்லீங்க சாமி. சுத்திப் பின்பக்கம் போங்க."

"இந்த வெயில்லயா?"

"ஆமாங்க."

சாயத்தண்ணி ஓடற சந்துல வெள்ளை வேட்டியைத் தூக்கிக்கிட்டு நடந்தாரு. முதலாளிக்குத் தெரிஞ்சா திட்டுவாரு, திட்டட்டும். ஷிப்ட் மணி அடிக்குது, முடிக்கறேன்.

பின்பக்கக் கேட்டும் பூட்டித்தான் இருக்குன்னு மட்டும் நான் அவர்கிட்டச் சொல்லலை.