அத்தானோடு தீவு பார்க்கப் போன கதை

என் அக்காவுக்கு, உன்னோடு சண்டை பிடிக்க வேறு வழி தெரியாத தங்கச்சி எழுதுவது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் நல்ல பிள்ளையாகத்தான் எழுதினேன். பாசத்தின் உறைவிடம், பண்பின் இருப்பிடம் என்று எல்லாரும் எழுதுகிற மாதிரி. இது அப்படியில்லை, இதில் கோபமும் இருக்கிறது. வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். தீவுப்பகுதி முழுக்கத் தெரிந்துவிட்ட கதையை நான் மட்டும் மூடிவைத்து என்ன செய்ய?

உன் ஆட்டத்திவசம் முடிந்து ஒரு வருஷத் துக்கம் கழிந்ததுதான் தாமதம், உன் புருஷனை எனக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அத்தானும் உன் மகள் அபியும் போன கிழமை லண்டனுக்குத் திரும்பிவிட்டார்கள். நான் புளியங்கூடலில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு ஓம் என்றோ இல்லை என்றோ மறுமொழி சொல்லவேண்டும்.

இருந்துகொண்டு என்று எழுதுகிறேனே தவிர, எங்கே இருக்கிறேன்? இந்தப் பந்திகளை எழுதி முடிப்பதற்குள் கேற்றைப் பூட்டினேனா என்று போய்ப் பார்த்தேன், காயாத துணியைத் தொட்டுப் பார்த்தேன், எரியாத அடுப்பை அணைக்கப் போனேன். கந்தோரிலும் இதே கதைதான். பக்கத்து மேசைக்காரி, “சுகந்தி அக்கா, கதிரையிலை முள்ளோ?” என்று கேட்கிறாள்.

இந்தக் கலியாணக் கதை தீவு பார்க்கப் போன பயணத்தில்தான் தொடங்கியது. அபி லண்டனிலேயே திட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வாடகைப் படகு ஒன்றில் தீவு தீவாகப் போவது, நல்ல கடற்கரை கண்ட இடத்தில் இறங்குவது, ஆழம் குறைந்த இடத்தில் ஸ்நோர்கலிங் செய்வது, மத்தியானம் மீன் சாப்பிடுவது, பின்னேரம் நயினாதீவு அம்மன் கோயில். கண்ணாடி முகமூடியும் வாயில் கடிக்கிற குழாயுமாக ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒன்று இருந்தது.

இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டே எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது. அதற்குள் தலையை விட்டு என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டுமென்று உனக்கோ எனக்கோ ஒருநாளாவது தோன்றியதா? சாட்டிக் கடற்கரையில் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைப்போம். அம்மா கூப்பிட முதல் ஓடிவந்துவிடுவோம்.

அம்மாவின் தங்கச்சி, இறுப்பிட்டிச் சின்னம்மாவுக்குத் திட்டத்தைச் சொன்னபோது அவர் அதைத் தலைகீழாக மாற்றிவிட்டார். “மச்சம் திண்டிட்டு அம்மாளிட்டைப் போக ஏலாது. முதல் கோயில், பிறகு உங்கடை மீனும் கீனும்” என்றார். அது நியாயம்தான், அபிக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தானும் வருகிறேன் என்று அவர் சொன்னபோதே எனக்கு மூளை வேலை செய்திருக்கவேண்டும். புங்குடுதீவுப் பாலத்தில் பஸ் ஏறினாலே தலைசுற்றுக்குத் தேசிக்காய் மணந்துகொண்டு வருகிற மனுசி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு குறிகட்டுவான் துறையில் எங்களுக்கு முன்னமே வந்து நிற்கிறார். நீ போன முறை கொண்டுவந்த கத்தரிப்பூ நிறச் சேலையைத்தான் நான் கட்டவேண்டும் என்று முதல்நாளே சொல்லியும் அனுப்பியிருந்தார்.

கோயிலில் அன்றைக்குச் சனம் அதிகமில்லை. அத்தான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நன்றாக மெலிந்துவிட்டார் அக்கா, நெஞ்செலும்பு தெரிகிறது. சின்னம்மா அர்ச்சனைத் தட்டை நீட்ட, ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். அத்தான் பெயர், அடுத்தது உன் பெயர், பிறகு அபி. எனக்கு எப்போதும் தனித் தட்டு. சின்னம்மா ஒரே மூச்சில் சொன்னார்.

“நேசராசா, உத்தரம். சுகந்தி, ரோகிணி. பிள்ளை அபிரா, சதயம்.”

உன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். ஐயர்மேல் பிழையில்லை, யார் யாருக்கு என்ன முறை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மந்திரத்துக்கு நடுவில் மூன்று பேரையும் ஒரு குடும்பமாகச் சொல்லி முடித்தார். பிறகு தட்டைக் கொண்டுவந்து எனக்கும் அத்தானுக்கும் நடுவில் நீட்டி, இரண்டு பேருமாகச் சேர்ந்து பிடிக்கச் சொன்னார்.

அத்தான் கையை நீட்டினார். என்னைப் பார்த்தார். எடுத்துவிட்டார். நானும் எடுத்துவிட்டேன். தேங்காய்ப் பாதி உருண்டு விழப்போனபோது அபிதான் பாய்ந்து தட்டைப் பிடித்தாள். சின்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் அம்மாள் பார்த்துக்கொள்வா என்றார். உடனே அவருக்குத் தலையும் சுற்றத் தொடங்கிவிட்டது. தான் பயணிகள் படகில் திரும்பிப் போகிறேன், நீங்கள் நெடுந்தீவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். வந்த அலுவல் முடிந்த முகம் அவருக்கு.

நாங்கள் மூன்று பேரும் நெடுந்தீவுக்குப் படகு ஏறினோம். படகோட்டி அன்ரன் அண்ணை ஊர்காவற்றுறைக்காரர். சும்மாவே கதைக்கிற மனுசன், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்கு எழும்பி நடக்கவேண்டும் போல இருந்தது. நடுக்கடலில் எங்கே நடக்கிறது? உட்கார்ந்த இடத்திலேயே சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, மனதுக்குள் உன்னோடு கதைத்தேன். உனக்கு அளவில்லாமல் போன பள்ளிக்கூடச் சட்டை எனக்கு வந்தது. உன் சப்பாத்து வந்தது. நீ கம்பஸில் படிக்கப் போனபோது உன் சைக்கிள் வந்தது, பிறேக் இல்லாமல். ஒன்றுக்கும் நான் முகம் சுளித்ததில்லை. அதற்காகப் புருஷனுமா?

பகிடியாகத்தான் அப்படி நினைத்தேன். பிறகு அழுகை வந்தது. காற்றுக்குக் கண் எரிகிறது என்று அபிக்குச் சொன்னேன்.

நெடுந்தீவின் மேற்குப் பக்கம் ஆழமில்லாத இடமொன்றில் அன்ரன் அண்ணை நங்கூரம் போட்டார். அதற்கு முதல் நான் துறையில் இறங்கி ஒரு வீட்டில் கேட்டு, சேலையை மாற்றிச் சல்வாரோடு வந்திருந்தேன். அபி முகமூடியை மாட்டிவிட்டாள். அன்ரன் அண்ணை படகிலிருந்து ஒரு கயிற்றை எறிந்து, “தங்கச்சி, இதிலை நெஞ்சளவுதான் தண்ணி. கயித்தைப் பிடிச்சுக்கொண்டு குனியும்” என்றார். குனிந்தேன். மூக்கில் உப்புத்தண்ணீர் ஏறி, சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று சொல்லிவிட்டேன். அவர் கேட்காத மாதிரி மறுபக்கம் பார்த்தார்.

அடுத்த தடவை பிடிபட்டது. அக்கா, உள்ளே ஒரு சத்தமும் இல்லை. யாரும் எதையும் கேட்க முடியாது, யாருக்கும் எதையும் சொல்லவும் வேண்டாம். அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக என் கைகால் சும்மா இருந்தது. கோடு போட்ட சின்ன மீன்கள் என் விரலைப் பார்த்துவிட்டுப் போயின.

அதற்கு அப்பால் முருகைக்கல். நெடுந்தீவில் வேலிக்கு அடுக்குவார்களே, அதே கல்தான். சாம்பல் நிறத்தில் காய்ந்து மதிலாக நிற்கிறதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இங்கே அது மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது, அதன் மேல் மயிர் மாதிரி ஏதோ மெல்ல அசைந்தது. கல் என்று நினைத்தோமே, அது உயிர். உனக்குக் காட்டவேண்டும் என்று வாயில் குழாய் இருப்பதை மறந்து “அக்கா” என்று கூப்பிட்டுவிட்டேன். தண்ணீர் குடித்து, இருமி, அபி முதுகில் தட்டி, ஒரே களேபரம்.

கரைக்கு வந்து துவாயைப் போர்த்திக்கொண்டு இருந்தபோதுதான் அபியிடம் கோபப்பட்டேன். சின்னம்மாவோடு சேர்ந்து நீயும் நாடகமா போட்டாய் என்று கேட்டேன். அவள் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இறுப்பிட்டி அம்மம்மா இல்லை, சித்தி. அம்மாதான் கேட்டவ.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரியில் கடைசி மாதத்தில் நீ அவளிடம் சொன்னாயாம். அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிகூடப் போடத் தெரியாது, சித்தியும் அங்கே தனியாக இருக்கிறாள், என் ஆட்டத்திவசம் முடியட்டும், பிறகு இரண்டு பேரையும் நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று. சின்னம்மாவுக்கும் நீயே ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறாய். சொல்லிமுடித்து அந்தப் பிள்ளை என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதது. இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் இதையா அக்கா சுமத்துவாய்?

அத்தான் கொஞ்சம் தள்ளி, முருகைக்கல் மதிலில் குந்திக்கொண்டு, இடுப்புச் சாரத்தின் நனைந்த நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். எழும்பிப் போய் நேரே கேட்டேன், உங்களுக்கும் தெரியுமா என்று.

“ஓம், என்னட்டையும் சொன்னவ. அர்ச்சனை விசயம் சத்தியமா எனக்குத் தெரியாது. சாகக் கிடக்கிறவவுக்கு இல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.”

“அப்ப ஓம் எண்டு சொன்னனீங்களோ?”

“அதுவும் சொல்லேல்லை. அவவின்ரை கையைத்தான் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். நீர் சொல்லும் சுகந்தி. நீர் என்ன சொன்னாலும் எனக்குக் கோவம் வராது.”

எனக்குத்தான் வந்தது. நீயும் என்னிடம் கேட்கவில்லை, அவரும் உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, மறுமொழியை மட்டும் என் தலையில் போட்டிருக்கிறீர்கள். கேட்டது அக்கா, அதனால் அக்காவுக்குத்தான் மறுமொழி சொல்வேன், உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் படகில் போய் ஏறினேன். மத்தியானத்துக்கு மீன் சமைக்கச் சொல்லியிருந்த வீட்டில் நாங்கள் ஒருவரும் சாப்பிடவில்லை. அன்ரன் அண்ணைதான் எல்லாவற்றையும் பொதி கட்டிக்கொண்டு போனார்.

இனி உன்னிடம் கேட்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனில் கதைத்தாயே. கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டதா என்று கேட்டாய், மாமரம் காய்த்ததா என்று கேட்டாய், என் முழங்கால் வலியைக்கூடக் கேட்டாய். இதை மட்டும் ஏன் கேட்கவில்லை? நான் இல்லை என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா, ஓம் என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா?

ஓம் என்று சொல்ல எனக்கும் ஆசை வந்தது. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்? அத்தான் இங்கே நின்ற நாட்களில் நான் கந்தோரால் வரும்போது வீட்டில் லைற் எரியும். ஒழுகிக்கொண்டிருந்த பைப்பை ஒருநாள் சொல்லாமலே திருத்தி வைத்திருந்தார். அவர்கள் போன அன்றைக்கு நான் என்னை அறியாமல் இரண்டு கோப்பை கழுவி வைத்தேன். எனக்கென்று ஒரு மனிதன் வருவான் என்று நான் எதிர்பார்த்த காலம் ஒன்று இருந்தது, உனக்குத் தெரியும். அது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை போல இருக்கிறது.

இன்னொன்று, உனக்குப் பழைய செய்திதான் தெரியும். அத்தான் இப்போது தேத்தண்ணி போடுவார். நீ போனபிறகு பழகியிருக்கிறார். சோறு வடிப்பார், பருப்பும் வைப்பார், உப்புத்தான் கொஞ்சம் கூட. காலையில் எனக்கு முன்னம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். உன்னைப்பற்றிக் கதைக்கும்போது மட்டும் பாதி வசனத்தில் நின்றுவிடுவார், பிறகு வெளியே பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த மனிதனுக்கு இன்னொரு பெண் தேவையில்லை, அக்கா. உன்னைப்பற்றிக் கதைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அதற்கு நான் இருக்கிறேன். ஆனால் நான் அவரைக் கட்டினால் அந்த ஆளும் இல்லாமல் போய்விடும். உன் பெயரை எடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் உன் பெயரை எடுக்காமல் விடுவோம். ஊர் உன்னை மூத்த தாரம் என்னும், என்னை இளைய தாரம் என்னும். லண்டனில் உன் அலுமாரியைத் திறந்து என் சேலையை வைக்க நான் எதை வெளியே எடுக்கவேண்டும், சொல்லு பார்ப்போம்?

எனக்குப் புருஷன் இல்லாமல் நாற்பத்தேழு வருஷம் போய்விட்டது, இனியும் போகும். அக்கா இல்லாமல் எனக்கு ஏலாது.

அதனால் என் மறுமொழி, இல்லை. பிறந்ததிலிருந்து நீ கேட்ட எதற்கும் நான் இல்லை என்று சொன்னதில்லை, இதற்குச் சொல்கிறேன். இதை எழுதி முடித்ததும் அத்தானுக்கு ரெலிபோன் எடுத்து இதையே சொல்வேன், சின்னம்மாவிடம் நேரில் போய்ச் சொல்வேன். அபி என்றைக்குக் கூப்பிட்டாலும், பிள்ளைப்பேறோ பேச்சுத் துணையோ, விமானம் ஏறிப் போய் நிற்பேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ரெலிபோன் எடுத்த நேரத்துக்கு நானே அத்தானுக்கு எடுப்பேன், அவர் பாதியில் நிறுத்துகிற வசனத்தை நான் முடித்துக்கொடுப்பேன். என் வாய் நடக்கும்வரை அந்த வீட்டில் உன் பெயர் சொல்லப்படும். இது சத்தியம்.

இப்படிக்கு,
உனக்கு எப்போதும் தங்கச்சி, அத்தானுக்கு எப்போதும் மச்சாள்,
சுகந்தி