கோப்பில் உயிரோடு இருப்பவர்

1974 ஆகஸ்ட் 12, திங்கள்

என் கணவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவர் வேலை பார்த்த எண்ணூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டரில் மட்டும் உயிரோடு இருக்கிறார். அதனால் விதவைக்குத் தரும் மருந்து அட்டை எனக்கு இல்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை நேற்றோடு தீர்ந்துவிட்டது.

இன்று நேரில் போய்க் கேட்டேன். ஆபரேட்டர் கூசாமல் விளக்கினார்.

"இன்னாம்மா பண்றது, ரெண்டு புரோகிராம் ஒரே நேரத்துல ஒரே ஃபைலை எட்த்துகினு போச்சு. ஒண்ணு ஐயா எறந்துட்டார்னு எழுதி வெச்சுது. இன்னொண்ணு பழைய காப்பில உங்க விலாசத்தை மாத்திட்டு, மொதல்ல எழுதினது மேலயே அதை எழுதிடுச்சு. ஐயா திரும்ப உசுரோட கீறாரு."

"ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்காதா?"

"காத்திருக்கணும்னு புரோகிராம்ல எழுதணும்மா. எழுதினவரு உட்டுட்டாரு."

நான் படித்த கான்வென்டில் ஒருத்தி வகுப்புப் பதிவேட்டை எழுதி மூடும்வரை அடுத்தவள் பேனாவைத் திறக்க மாட்டாள். எட்டு வயதில் எங்களுக்கு இருந்த ஒழுங்கு, ஓர் அறையையே அடைத்துக்கொண்டு குளுகுளுவென்று நிற்கும் அந்த இயந்திரத்துக்கு இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கவும் அங்கே ஆளில்லை. இறப்புச் சான்றிதழை மறுபடியும் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நாளைக் காலை கல்மண்டபத்தில் பஸ் ஏறி, அவரை இரண்டாம் முறை சாகடிக்க நானே போக வேண்டும்.