பஷீராவுக்கு ஒரு கையெழுத்து

பம்மல்
3 மார்ச் 2025

அன்புள்ள மாப்பிள்ளை சாஜித்துக்கு,

அல்லாஹ்வின் சாந்தி உன்மீதும் நீ தொங்கப்போகும் கயிற்றின்மீதும் இருக்கட்டும்.

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிரிப்பாய், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். காத்மாண்டு லாட்ஜ் முகவரியைப் பஷீராவிடம் வாங்கினேன். எதற்கு அண்ணா என்றாள். பேரீச்சம்பழம் அனுப்ப என்றேன். பொய்யில்லை, பார்சலில் இருக்கிறது.

உன் மகள் ஷபீனா நலம். நோன்பு வைப்பேன் என்று அடம்பிடித்துவிட்டு மதியம் பிரிட்ஜுக்குப் பின்னால் நின்று பிஸ்கட் தின்றாள். பஷீராவும் நலம் என்றுதான் சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு மலை ஏறிய ஷ்யாம்சுந்தரின் மனைவி நித்யஸ்ரீ போன வாரம் கடைக்கு வந்திருந்தாள். அவன் பனிப்பிளவில் விழுந்து வருஷமாகிறது. உடல் கிடைக்கவில்லை. மாமனார் தோத்தாத்ரி காரியம் செய்ய மாட்டேன், பிள்ளை வருவான் என்கிறார். குரோம்பேட்டையில் நண்பர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கிழித்தாராம். நித்யஸ்ரீ காலையில் பொட்டு வைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறாள். "சார், நான் யாருன்னே எனக்குத் தெரியல. யாராவது ஒருத்தர் சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றாள். அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நேற்றுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன், பஷீராவுக்கு அப்படி ஒரு நிலை வந்தால் என்ன என்று. உடலும் இல்லை, இறந்ததைப் பார்த்த சாட்சியும் இல்லையென்றால் அவளை விதவை என்று சொல்ல முடியாது, இத்தா நாட்களை இருந்து முடித்து மறுமணம் செய்யவும் முடியாது, வருஷக்கணக்கில் காத்திருந்து கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றார். ஒரு வழியும் சொன்னார். இன்ன காலத்துக்குள் நான் திரும்பாவிட்டால் இந்த நிக்காஹிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் உரிமை என் மனைவிக்கு உண்டு என்று கணவன் முன்பே எழுதிக் கொடுக்கலாமாம். அந்தக் காலத்தில் போருக்குப் போனவர்கள் அப்படிச் செய்ததுண்டாம்.

வாசகத்தை டைப் அடித்து இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் தங்கையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகாதே என்று சொல்ல உரிமை இருக்கிறது.

உன் மச்சான்
ஜமால்


காத்மாண்டு
14 மார்ச் 2025

அன்புள்ள மச்சான்,

சலாம். பேரீச்சம்பழம் கிடைத்தது. அதற்கு அடியில் தலாக்கும் கிடைத்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் கட்டி அனுப்ப உங்களால்தான் முடியும்.

உங்கள் தாளைக் கிழித்துவிட்டேன். கோபப்படாதீர்கள். நான் சாகப் போகவில்லை. என்னைக் கட்டிக்கொண்டபோதே நான் மலையேறுகிறவன் என்று பஷீராவுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று என் உள்ளங்கை உரிந்து கிடந்தது. சர்பத் கொடுக்கும்போது அதைப் பார்த்துச் சிரித்தாள். நீங்களும்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் விற்கிற சேஃப்டி கையுறையும் ஹெல்மெட்டும் ஏற்றிக்கொண்டு லோடு வண்டி தினமும் படப்பை தாண்டி ஒரகடம் போகிறது. அந்த ரோட்டில் செத்தவர்கள் இந்த மலையில் செத்தவர்களைவிட அதிகம். டிரைவரிடம் இப்படிக் கையெழுத்து வாங்கினீர்களா?

பொத்தேரியில் காலேஜ் பையன்களுக்குச் செயற்கைச் சுவரில் ஏறக் கற்றுத் தருகிற சாஜித் எப்போதும் எரிந்து விழுகிறவன். பஷீராவைக் கேளுங்கள், சொல்வாள். மலையிலிருந்து இறங்கி வருகிறவன்தான் அவளுக்கு நல்ல புருஷன். மேலே போனால்தான் என் தலைக்குள் இருக்கிற இரைச்சல் அடங்குகிறது.

ஷ்யாமைப் பற்றி இனி எழுத வேண்டாம். கயிற்றின் இந்த முனையில் நான் இருந்தேன்.

அன்புடன்
சாஜித்


பம்மல்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெருநாள் நீ இல்லாமல் கழிந்தது. உனக்குப் பிரியாணி கிடைத்ததா, அங்கே பனியைத்தான் தின்றாயா?

டிரைவரைக் கேட்டாய், நல்ல கேள்வி. அவன் ஒரகடம் போவது அவன் வீட்டில் உலை கொதிக்க. அவனுக்கு ஒன்று ஆனால், எங்களுக்காகப் போனாரே என்று பிள்ளைகள் அழும். ஷபீனா என்ன சொல்லி அழுவாள்? யோசித்து எழுது.

நேற்று காண்ட்ராக்டர் ராஜகோபால் தன் ஆட்களுக்கு சேஃப்டி பெல்ட் வாங்க வந்தான். "இன்னா பாய், மாப்ள இன்னும் மேலயே கீறாரா? நம்ம பசங்கள ஷெட்டு மேல ஏத்தறதுக்கே நான் எக்ஸ்ட்ரா பேட்டா குட்த்துகினு கீறேன். உங்காளு சொந்தக் காசுல ஏறிகினு கீறாரு" என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். வியாபாரம், வேறென்ன செய்ய?

இன்னொன்று, பஷீரா உன்னிடம் சொல்லமாட்டாள் என்பதால் நான் எழுதுகிறேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அவள் எடுப்பதில்லை. பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களிடம் நீட்டிவிடுகிறாள். பெருநாளன்று நான் சேலையூரில் உன் வீட்டில் இருந்தபோது ஒரு போன் வந்தது, என் கையில் கொடுத்தாள். கிரெடிட் கார்டு விற்கிற பெண். வேண்டாம்மா என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினால், உன் மனைவி அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாத்திரத்தில் சேமியா தீய்ந்துகொண்டிருந்தது.

"கார்டு வேணுமான்னு கேட்டாங்கம்மா" என்றேன். "சரிண்ணா" என்று அடுப்பை அணைத்தாள்.

நீ மேலே போனால் உனக்கு இரைச்சல் அடங்குகிறது. அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்த்துக்கொள்.

தாளை மறுபடி டைப் அடித்து அனுப்பவில்லை. உன் மனசுக்குப் பட்டால் நீயே எழுது.

ஜமால்


மலையடி முகாம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சான்,

கீழே இறங்குகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சேமியா தீய்ந்ததை எழுதாமல் இருந்திருக்கலாம் நீங்கள். இரண்டு இரவு தூக்கமில்லை.

கேட்டதை என் கைப்பட எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். கூட ஏறுகிற இரண்டு பேர் சாட்சி போட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வாசகப்படி எழுத முடியவில்லை. 'திரும்பாவிட்டால்' என்ற சொல்லை இங்கே யாரும் வாயால்கூடச் சொல்லமாட்டோம். மலைக்கு எதிரில் உட்கார்ந்து அதை எழுதக் கை வரவில்லை. ஷ்யாம் போன தடவை விளையாட்டாகச் சொன்னான். அதனால் அந்த வரியையும் காலத்தையும் விட்டுவிட்டேன். பஷீரா எப்போது விரும்பினாலும் விலகிக்கொள்ளலாம் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவள் அதைத் தொடமாட்டாள். அது எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு தாராளம். அவளிடமே கொடுத்துவிடுங்கள். பார்த்தால் சிரிப்பாள்.

ஷபீனாவுக்கு முத்தம். பிஸ்கட் விஷயம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள்.

சாஜித்


காத்மாண்டு, ஆஸ்பத்திரி
2 ஜூன் 2025

அன்புள்ள மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு எழுதுகிறேன். புயலில் நாங்கள் அடைந்துகிடந்த கூடாரத்தில் ரேடியோவும் செத்து, ஒரு வாரம் கீழே செய்தி அனுப்ப முடியவில்லை. உங்கள் எல்லோரையும் எவ்வளவு பயமுறுத்தியிருப்பேன் என்று தெரியும். இடது காலில் விரல்கள் போயின. வலதில் பெருவிரலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

மச்சான், உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. மொட்டைமாடியிலிருந்து பக்கத்து வீட்டு மாடியைப் பார்க்கிற மாதிரி. அங்கிருந்துதான் திரும்பினேன். குடும்பத்தை நினைத்துத்தான் திரும்பினேன், அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஆனால் இப்படி விட்டுவிட முடியாது. அடுத்த வசந்தத்தில் இன்னொரு முறை. விரல் இல்லாமல் ஏறியவர்கள் இருக்கிறார்கள். பூட்ஸைக் கால் அளவுக்குத் தனியாகச் செய்ய வேண்டும். பம்மலில் தோல் வேலை தெரிந்த ஆட்களை உங்களைவிட யாருக்குத் தெரியும்? விசாரித்து வையுங்கள்.

இதைப் பஷீராவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். போனில் நான் என்ன சொன்னாலும் 'சரி', 'சரி' என்கிறாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள்
சாஜித்


பம்மல்
12 ஜூன் 2025

சாஜித்துக்கு,

நீ உயிரோடு வந்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் பஷீராவிடமே கொடுத்தேன். பூட்ஸ் விஷயம் வரைக்கும் படித்தாள். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், நீ எழுதி அனுப்பிய தாளை எடுத்துவந்தாள்.

"அண்ணா, செய்தி இல்லாத அந்த ஒரு வாரத்துலயே நான் அழுது முடிச்சிட்டேன். அத்தா இனிமே வரமாட்டாங்கன்னு ஷபீனாகிட்ட சொல்லி, அவ அழுது, அவளத் தேத்தி சம்மர் கிளாஸுக்கும் அனுப்பிட்டேன். அப்புறம் போன் வந்துச்சு. எனக்கு சந்தோஷம் வரல. மறுபடியும் முதல்லேர்ந்தா-ன்னுதான் தோணுச்சு."

அவசரப்படாதே, ஆள் வரட்டும், காலைப் பார், பேசு என்றேன். கோபத்தில் கத்தவும் செய்தேன். அவள் கத்தவில்லை.

"அவரப் பிடிக்கலன்னு சொல்லலண்ணா. செத்துச் செத்து வர்றவரோட வாழ எனக்குத் தெரியல. இது அவரு எழுதிக் குடுத்ததுதானே?"

ஹஜ்ரத் உன் எழுத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். "காலமும் இல்ல, நிபந்தனையும் இல்ல பாய். முடிவு அந்தப் பிள்ளையோடதுதான்" என்றார். நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, இரண்டு பேர் முன்னிலையில் அவள் தன்னை விடுவித்துக்கொண்டாள். இன்று சேலையூர் வீட்டிலேயே இத்தாவில் இருக்கிறாள்.

நீ செத்தால் அவளுக்கு ஒரு வழி வேண்டும் என்றுதான் உன்னிடம் கேட்டேன். நீ இருக்கும்போதே அவளுக்கு வழி இல்லாமல் இருந்தது என் கணக்கில் வரவில்லை.

ஷபீனா உன் மகள், அதில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அத்தா வர்றாங்க என்று சொன்னோம். "எப்ப போவாங்க?" என்று கேட்டாள்.

பம்மலில் தோல் வேலைக்கு ஆள் இருக்கிறார். நடப்பதற்குச் செருப்பு செய்யச் சொல்லியிருக்கிறேன். ஏறுவதற்குச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும் தேதியை எழுது. சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்து, மீனம்பாக்கத்துக்கு நானே வண்டி கொண்டுவருகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் உன்னை எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதையும் எழுதிவிடு. சேலையூருக்கு முடியாது.

ஜமால்