அந்தச் சிரிப்பு என்னுடையது

அன்புள்ள உனக்கு,

மாடியில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நேரில் பேசினால் ஜோக் அடித்து நழுவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

குரல் நடிகர்கள் இருவர் ஆன்லைனில் காதலிக்கும் அந்தச் சீனத் தொடருக்கு, தமிழில் நீதான் கதாநாயகியின் குரல். கதாநாயகனுக்குப் பேசுகிற அபிநவ் சான் ஹோசேயில் இருக்கிறான். தனித்தனியாகத்தான் பதிவு செய்தீர்கள். நீ பதிவு அறையாக்கிக்கொண்ட நம் துணி குளோசெட்டில், குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே நின்று, அவன் வசனங்களை உனக்குப் படித்தது நான்.

"உன்னைப் பார்க்காமலே பிடிச்சிருக்கு" என்று படித்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"டேய், டீம் மீட்டிங்ல ஸ்டேட்டஸ் சொல்ற மாதிரியே லவ் சொல்றியேடா!"

எடிட்டர் என் குரலை வெட்டிவிட்டார். உன் சிரிப்பை மட்டும் அவன் வசனத்துக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். இப்போது தொடருக்கு வருகிற கமெண்ட் முழுக்க அந்தச் சிரிப்புதான். "நிஜ ஜோடியா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதற்கு அபிநவ் ஒரு ஹார்ட் போட்டிருக்கிறான்.

இரண்டாம் பாகத்தை இருவரும் சான் ஹோசேயில் ஒரே ஸ்டூடியோவில் சேர்ந்து பேசப் போகிறீர்கள். "போகட்டுமா?" என்று கேட்டாய். "தாராளமா போ, எனக்கென்ன?" என்றேன்.

பொய். போகாதே.

இதைச் சொல்லாமல் உன்னை நியூவர்க் ஏர்போர்ட்டில் இறக்கிவிட என்னால் முடியாது. சொல்லிவிட்டேன். நீ போவாய், போகவும் வேண்டும். சீக்கிரம் கீழே வா, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக் ஆரம்பித்துவிடும்.

இப்படிக்கு,
உன் பழைய கதாநாயகன்