மூணு மணிக்குள்ள பாஸ்வேர்டு வேணும்ப்பா

இல்லப்பா, நான் எந்த வைரஸையும் வீட்டுக்குள்ள கொண்டு வரல. நேத்து நீங்க கத்துன கத்துல சொல்ல முடியல. உங்க ஆன்டிவைரஸ் பூட்டி வெச்சிருக்கறது நான் எழுதுன ப்ரோக்ராம். எந்த மருந்து காலாவதி ஆகப்போகுதுன்னு சொல்லும். புதுசா இருக்கறதால ஆன்டிவைரஸுக்குச் சந்தேகம், அவ்ளோதான்.

இன்னைக்கு மூணு மணிக்கு மருந்துக்கடைக்காரர் அதைப் பாக்க வர்றார். பிடிச்சா அங்கயே வேலை. ப்ரோக்ராமை வெளிய எடுக்கவும் உங்க பாஸ்வேர்டு கேக்குது, ஆன்டிவைரஸைத் தூக்கவும் அதே பாஸ்வேர்டு. எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவரு.

முன்னாடி ஒரு தடவை கண்ட லிங்க்கைத் தொட்டு போட்டோ எல்லாம் போனதுல நீங்க பயந்துட்டீங்க, புரியுது. ஆனா கம்ப்யூட்டரோடயே ஒரு காவல் வருதுப்பா. அப்டேட் பண்ணிட்டு ஜாக்கிரதையா இருந்தா நமக்கு அது போதும். இன்னொரு வாட்ச்மேனைப் போட்டீங்க, அவன் வீட்டுப் பொண்ணையே உள்ள விடமாட்டேங்கறான்!

நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கறீங்க, எழுப்ப மனசு வரல. அம்மாவைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், ரெண்டு மணிக்கு வந்துடுவோம். சாப்பாடு மேசைல மூடியிருக்கு.

பி.கு: பாஸ்வேர்டைச் சொல்லப் பிடிக்கலைன்னா நீங்களே திறங்க. முதல்ல உங்களுக்கு ஓட்டிக் காட்டறேன், அப்புறம்தான் அவருக்கு. என்னப்பா சொல்றீங்க?