அண்ணன் எழுதிவைத்த கடை

ஜூன் 2, 2025, திங்கள்

கடையைக் கேட்டுக் கம்பெனி ஆள் மூன்றாம் முறையாக வந்தார். ஆளே இல்லாத கடையாக மாற்றப்போகிறார்களாம். கதவு தானே திறக்கும், எடுத்ததைக் கேமரா பார்த்துக்கொள்ளும். "நீங்க வீட்ல காலை நீட்டிட்டு உட்காரலாம் சார்." காலை நீட்டி உட்காரவா தள்ளுவண்டியில் பல்பு விற்று இந்தக் கடையைப் பிடித்தேன்? ஆனால் இன்று மதியம் வரை வந்தவர்கள் நாலு பேர். அதில் இரண்டு பேர் வழி கேட்க வந்தவர்கள்.

அண்ணி போன் செய்தார். அண்ணன் போய் இரண்டு மாதம். "அவர் ரூமைக் காலி பண்ணணும் தம்பி. புஸ்தகத்தையெல்லாம் எடைக்குப் போட எனக்கு மனசு வரல."

ஜூன் 4, புதன்

அண்ணனின் புத்தகங்கள் இருந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்தேன். அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவர், மிச்ச நேரத்தில் விஞ்ஞானக் கதை எழுதினார். பத்திரிகையில் வந்த அன்றே கடைக்குக் கொண்டுவந்து நீட்டுவார். "படிச்சிட்டுச் சொல்லுடா." பல்பு சுற்றக் கிழித்திருக்கிறேனே தவிர, ஒன்றைக்கூடப் படித்ததில்லை. "அண்ணே, இன்னிக்கு ராக்கெட்ல வந்தியா, பஸ்லயா?" என்று நாலு பேர் எதிரில் கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் வருவார். ரேடியோவுக்கு இரண்டு பேட்டரி. கொஞ்ச நேரம் நிற்பார். "வரேன்டா." நான் தலை நிமிர்ந்ததாக ஞாபகம் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன், மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்து. அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு நம் காலத்தின் மேல் என்ன நம்பிக்கை! பறக்கும் கார். எல்லாருக்கும் வெள்ளி நிறச் சட்டை. சந்திரனுக்கு மாதப் பாஸ். சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை - எந்த வியாபாரி அதை வாங்கி அடுக்குவான்? சுவர் அளவுத் திரையில் முகம் பார்த்துப் பேசுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். அது சட்டைப்பைக்குள் வந்து உட்காரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் கதைகளில் மட்டும், சந்திரனானாலும் கடலுக்கடியில் கட்டிய ஊரானாலும், ஒரு கடை இருக்கிறது. கடைக்காரன் காதில் பென்சில். விலை கேட்டுவிட்டு நழுவுகிறவனிடம், "பாத்ததுக்குக் காசு இல்ல, போய்ட்டு வாங்க" என்கிறான்.

அது என் பென்சில். என் வாய்.

உலகத்தையே புரட்டிப் போட்டவருக்கு என் கடையை மூட மட்டும் மனம் வரவில்லை போல.

ஜூன் 11, புதன்

கடையை விற்கக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தை மூன்று முறை வரி வரியாகப் படித்த பிறகுதான். என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

ஜூன் 14, சனி

பெட்டியின் அடியில் ஓர் இதழ் ஒட்டிக் கிடந்தது. 1985. கதை நடக்கும் ஆண்டு - 2025.

கடைக்கதவு தானே திறக்கிறது. விளக்கு எரிகிறது. ஆள் இல்லை. ஒரு கிழவர் தினமும் வந்து, தேவையே இல்லாமல் பேட்டரி வாங்குகிறார். கதவிடம் கேட்கிறார்: "தம்பி இல்லியா?" கதவு சொல்கிறது: "நன்றி, மீண்டும் வருக."

இதை எழுதும்போது அண்ணனுக்கு முப்பத்திரண்டு வயது. என்னையே கேட்டுக்கொண்டேன்: எட்டே பக்கம்டா. எட்டுப் பக்கம் படிக்க உனக்கு நாற்பது வருஷமா?

அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணன் ரேடியோ எங்கே?

"அது ரிப்பேராகி வருஷம் எத்தனையாச்சு! டிராயர் முழுக்க பேட்டரிதான் தம்பி, பிரிக்கவே இல்ல. எதுக்குன்னு கேட்டா, 'ஒண்ணும் வாங்காம நின்னா அவன் வெரட்டிடுவான்'னு சிரிப்பாரு."

ஜூன் 16, திங்கள்

கம்பெனிக்குப் போன் செய்தேன். "திரும்ப வாங்க முடியாது சார். நாலாவது பக்கத்துல இருக்கே, நீங்கதான் மூணு தடவை படிச்சீங்க."

ஜூலை 1

பென்சிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்றும் போனேன். கதவு திறந்தது. கல்லா இருந்த இடத்தில் குளிர்பான அலமாரி. அதன் பக்கத்தில், அண்ணன் நிற்கும் மூலையில், கொஞ்ச நேரம் நின்றேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. இரண்டு பேட்டரி எடுத்தேன். என் வீட்டில் ரேடியோ கிடையாது.

வெளியே வரும்போது கேமராவை நிமிர்ந்து பார்த்து, "வரேன்டா" என்றேன்.

கதவு நன்றி சொன்னது.